மொரீஷியஸில் ஒரு செமஸ்டர்: வருகிற பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

ரோஸ்ஹில்லில் எங்கள் வீட்டு மாடி அறைகளில், தமிழ்நாட்டிலிருந்து ஒரு செமஸ்டர் மட்டும் படிக்க வருகிற பிள்ளைகள் தங்குவார்கள். நான் கும்பகோணத்துக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். அதனால் விமானம் ஏறும் முன்பே வாட்ஸப்பில் கேள்விகள் என்னிடம்தான் வந்து விழும். கேட்கிற ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. இனிமேல் இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, அங்க எல்லாரும் தமிழ் பேசுவாங்கதானே?

பேச மாட்டார்கள். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம். கடைப் பலகையில் பிள்ளே என்றும் நாயுடு என்றும் ஆறுமுகம் என்றும் பெயர் இருக்கும். தெருமுனையில் கோபுரம் தெரியும். உள்ளே போய்ப் பேசினால் பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல்தான் வரும்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் இங்கே வந்துவிட்டார்கள். 1834க்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக இன்னும் பலர் வந்தார்கள். அவர்கள் இறங்கிய படித்துறை, ஆப்பிரவாசி காட், போர்ட் லூயிஸில் இன்றும் இருக்கிறது. ஒரு தடவை போய்ப் பாருங்கள். இத்தனை தலைமுறையில் வீட்டுப் பேச்சு கிரியோலாகிவிட்டது. தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள், கோயிலில் பாடுகிறார்கள். என் மாமியார் முருகன் பாட்டை ஓர் எழுத்துப் பிசகாமல் பாடுவார். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்றால் என் கணவர் முகத்தைப் பார்ப்பார். "தமிழர்னு சொல்றீங்க, தமிழ் தெரியலையே?" என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள். நன்றாகப் பழகிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு கேள்வியில் விலகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அப்ப எந்த பாஷைல சமாளிக்கிறது? பிரெஞ்சு கத்துக்கிட்டு வரணுமா?

வகுப்பு, தேர்வு, அலுவலகக் கடிதம் எல்லாம் ஆங்கிலம். செய்தித்தாள் பெரும்பாலும் பிரெஞ்சு. பேருந்து, சந்தை, கேன்டீன், நண்பர்கள் அரட்டை எல்லாம் கிரியோல். பிரெஞ்சு வகுப்புக்குப் பணம் கட்டுவதை விட வந்த முதல் வாரத்திலிருந்தே கிரியோலைக் காதில் போட்டுக்கொள்வது மேல் என்பது என் கட்சி.

பார்த்ததும் "போன்ஸூர்" சொல்ல வேண்டும், கடைக்காரரிடம் விலை கேட்கும் முன்பும்தான். "கி மான்யேர்?" என்றால் எப்படி இருக்கீங்க. "கொறெக்" என்று சொன்னால் போதும். "மோ பா கொம்ப்ரான்" என்றால் எனக்குப் புரியவில்லை. "தூஸ்மான்" என்றால் மெதுவாக. இந்த நாலைந்து சொல்லைத் தப்பும் தவறுமாகச் சொன்னாலே எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்துக்கு மாறி உதவி செய்வார். நேரே ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் அந்தச் சிரிப்பு வராது.

விசா நானே எடுக்கணுமா? இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு சொல்றாங்களே?

அது சுற்றுலாவுக்கு. படிக்க வருகிறவர்களுக்கு மாணவர் விசா தனி. உங்களைச் சேர்த்துக்கொண்ட கல்வி நிறுவனத்தின் வழியாகத்தான் குடிவரவுத் துறைக்கு விண்ணப்பம் போகும். "டூரிஸ்டா இறங்கிட்டு அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால், நிறுவனத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவிடம் எழுத்தில் கேட்டு பதில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

சேர்க்கைக் கடிதம், திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, பணம் இருப்பதற்கான சான்று, இவை நான்கும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டால் பெட்டி வருவதற்கு முன்பே கேட்பார்கள். பயணத்துக்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவமும் ஒன்று உண்டு.

பொடி, ஊறுகாய், கறிவேப்பிலை எல்லாம் கட்டிக் கொண்டு வரலாமா?

பொடி வகைகளை முத்திரை போட்ட பாக்கெட்டில் கொண்டு வாருங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, செடி எதுவும் அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டு வரக்கூடாது. கறிவேப்பிலைக்கு இங்கே பஞ்சமே இல்லை. சந்தையில் "கரிபூலே" என்று கேளுங்கள். முருங்கைக்கீரை "பிரேட் முரூம்", புடலங்காய் "பத்தோல்", பீர்க்கங்காய் "பிபங்காய்". மோர் மிளகாயும் வத்தலும்தான் என் வீட்டுக்கு வருகிற பெட்டிகளில் நான் எதிர்பார்க்கிற சங்கதி.

இரண்டு எச்சரிக்கை. சிகரெட் சுருட்டும் தாள் வைத்திருப்பதே இங்கே சட்டப்படி குற்றம். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை மாதிரியானவற்றை மருத்துவர் சீட்டு இருக்கிறதே என்று தைரியமாகக் கொண்டு வந்துவிடாதீர்கள், முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். போதைப்பொருள் விஷயத்தில் இந்த நாடு கொஞ்சமும் தாட்சண்யம் பார்க்காது. இன்னொன்று, சுவரில் இருப்பது இங்கிலாந்து மாதிரி சதுர மூன்று பின் பிளக். நம் ஊர் உருண்டை பின் நுழையாது. அடாப்டர் இரண்டு வாங்கி வாருங்கள்.

காசு எப்படிக் கொண்டு வர்றது? ஜிபே வேலை செய்யுமா?

2024 பிப்ரவரியில் யூபிஐயை மொரீஷியஸில் தொடங்கி வைத்தார்கள். ஆனால் எல்லாக் கடையிலும் எடுக்க மாட்டார்கள், தெருவில் தோல்பூரி என்ற பருப்பு ரொட்டி விற்கும் வண்டிக்காரர் நிச்சயம் எடுக்க மாட்டார். பிரீபெய்ட் பயண அட்டை ஒன்று, சொந்த வங்கியின் டெபிட் அட்டை ஒன்று, கையில் கொஞ்சம் ரொக்கம், இப்படி வாருங்கள். இந்திய சிம் கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். ரோமிங்கை ஊரிலேயே திறந்துவிட்டு வந்தால் நிம்மதி. உள்ளூர் சிம் வாங்க பாஸ்போர்ட் வேண்டும்.

இங்கேயும் ரூபாய்தான், ஆனால் மதிப்பு நம்முடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. விலைப் பலகையைப் பார்த்து "அட, சல்லிசா இருக்கே" என்று முதல் வாரம் வாங்கிக் குவிப்பவர்கள் மூன்றாவது வாரம் என் சமையலறை வாசலில் நிற்பார்கள். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். 100 ரூபாய் நோட்டில் இருக்கும் முகமும் ஒரு தமிழருடையது, ரெங்கநாதன் சீனிவாசன் என்ற அரசியல் தலைவர்.

ரூம் எங்க எடுக்கிறது? ஹாஸ்டல் கிடைக்காதா?

விடுதி இடங்கள் குறைவு, நம்பி வராதீர்கள். பல்கலைக்கழகம் இருப்பது ரெதுவியில். அங்கே படிக்க ரோஸ்ஹில், காத்ர் போர்ன், மோக்கா, சேன் பியேர் எல்லாம் பக்கம். கடலோரத்தில் அறை எடுத்து அலைச்சத்தம் கேட்டுக்கொண்டு படிக்கலாம் என்ற கனவு வேண்டாம். ரெதுவி தீவின் உள்பக்கத்து மேட்டில் இருக்கிறது.

அறை பார்க்கும்போது வாடகையை விட முக்கியமாக மூன்று விஷயம் கேளுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி உண்டா? சுடுதண்ணீர் சூரிய ஹீட்டரா, கேஸா, மின்சாரமா, அதன் செலவு யார் கணக்கு? சமையல் கேஸ் சிலிண்டர் யார் பொறுப்பு? முன்பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். அறையை வீடியோ எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். இதைச் சொல்வது நானே ஒரு வீட்டுக்காரி.

காலேஜுக்கு எப்படிப் போறது? நைட் பஸ் இருக்கா?

ரோஸ்ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுவிக்கு மெட்ரோ 2023 ஜனவரியிலிருந்து ஓடுகிறது. முக்கியத் தடம் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ்ஹில், காத்ர் போர்ன், பீனிக்ஸ், வாக்குவா வழியாக கியூர்பிப் வரை. விமான நிலையத்துக்கு மெட்ரோ கிடையாது. அது தீவின் தென்கிழக்கு மூலையில், பிளெஸான்ஸில் இருக்கிறது. இறங்கும் அன்றைக்கு யாரையாவது வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் டாக்சிக்கு ஏறும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்தில் கண்டக்டர் உட்கார்ந்த இடத்துக்கு வந்து சீட்டுத் தருவார். சோதனைக்காரர் ஏறுவார், சீட்டைக் கசக்கிப் போடாதீர்கள். இரவுப் பேருந்து என்று ஒன்றை நம்பித் திட்டம் போடவே வேண்டாம். ஊர்களுக்குப் போகும் கடைசி வண்டி சாயங்காலமே போய்விடும், நகரத் தடங்களிலும் எட்டு மணிக்கெல்லாம் குறைந்துவிடும். சாயங்காலம் எங்கே கிளம்பினாலும், போகிற வண்டியில் ஏறும்போதே திரும்பும் கடைசி வண்டியைக் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடை எல்லாம் எத்தனை மணிக்கு மூடுவாங்க? ராத்திரி டீக்கடை?

ராத்திரி டீக்கடை இல்லை. சென்னைப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய அடி. ஊர்க் கடைகள் சாயங்காலமே கதவை இறக்கிவிடும். ரோஸ்ஹில், காத்ர் போர்ன், கியூர்பிப் பக்கம் வியாழக்கிழமை மதியத்தோடு பல கடைகள் மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள்தான். பெரிய மால்கள் மட்டும் விதிவிலக்கு.

காத்ர் போர்ன் சந்தையில் காய்கறி புதன், சனி. வியாழனும் ஞாயிறும் அங்கே துணிக்கடைகள். பிளாஸ்டிக் பைக்கு 2016லிருந்தே தடை, துணிப்பையோடு போங்கள்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

வேண்டாம். முதல் வேளையே தோல்பூரி சாப்பிடுங்கள். கடலைப்பருப்பை வேகவைத்து அரைத்து உள்ளே தூவி, துணி போல மெல்லிசாகத் தேய்த்துச் சுட்ட ரொட்டி. எப்போதும் ஜோடியாகத்தான் தருவார்கள். வண்டிக்காரர் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகத் தட்டில் விரித்து, கரண்டி முதுகால் பட்டாணி அவரைக் குழம்பைத் தடவி, ருகாய் என்ற தக்காளித் தொக்கு ஒரு சொட்டு வைத்து, "பிமான்?" என்று நிமிர்ந்து பார்ப்பார். மிளகாய் வேண்டுமா என்று கேட்கிறார். ஆந்திரா மெஸ்ஸில் வளர்ந்தவர்களும் முதல் தடவை கொஞ்சமாகவே வாங்குங்கள். சுருட்டிக் காகிதத்தில் தருவதை நின்றபடியே சாப்பிட்டுவிடலாம். காத்தோ பிமான் என்பது நம் மசால்வடையின் தங்கச்சி, சின்னதாக உருட்டிப் பொரித்தது. பாக்கெட் பாக்கெட்டாக உள்ளே போகும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் சீனச் சாப்பாடு. காய்கறி நூடுல்ஸ் என்று வாங்கினாலும் சிப்பிச் சாஸ் ஊற்றியிருப்பார்கள். ருகாயில் சில இடங்களில் கருவாடு கிடக்கும். "மோ பா மான்ஸ் லவியான்" என்றால் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். ஆனால் அதில் மீன் அடங்காது என்று நினைப்பவர்கள் உண்டு. "புவாசோன்" வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோயில் விசேஷத்திலும் தமிழர் கல்யாணத்திலும் வாழை இலையில் ஏழு கறி போடுவார்கள். பூசணி, பலாக்காய், வாழைக்காய் எல்லாம் வரும், ரசம் "ரசோன்" என்ற பெயரில் வரும். அதைத் தவறவிடாதீர்கள். இட்லி அரிசி மட்டும் எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஆறு மாதம் ரவா இட்லியோடு சமாதானம் ஆகிவிடுங்கள்.

கிளாஸ் ஈஸியா? திரும்பி வந்தா கிரெடிட் கணக்குல வருமா?

செமஸ்டர் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் தொடங்கும். வகுப்பு நேரம் நம் ஊரை விடக் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்துச் சுற்றக் கிளம்பிவிடுவார்கள், கட்டுரைகளும் குழுப் பணிகளும் ஒரே வாரத்தில் வந்து குவியும்போது முழிப்பார்கள். குழுப் பணியில் பேச்சு தானாகக் கிரியோலுக்கு நழுவும். உங்களை ஒதுக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் கேள்வியில் சொன்ன "மோ பா கொம்ப்ரான்" இங்கே கைகொடுக்கும்.

கிரெடிட் விஷயத்தை ஊரிலேயே முடித்துவிட்டு வர வேண்டும். எந்தப் பாடம் உங்கள் கல்லூரியின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும். வந்த பிறகு பாடம் ரத்தாகி மாற்ற நேர்ந்தால், அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிப் புது ஒப்புதல் வாங்குங்கள். வாய்மொழியாக "பாத்துக்கலாம்பா" என்று சொன்ன பேராசிரியர் நீங்கள் திரும்பும்போது அதே நாற்காலியில் இருப்பார் என்று என்ன நிச்சயம்?

தீவுதானே, ஸ்வெட்டர் எதுக்கு?

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே குளிர்காலம். கடலோரத்தில் தெரியாது. மேட்டுப் பகுதியில், முக்கியமாக கியூர்பிப்பில், தூறலும் காற்றும் சேர்ந்து எலும்பைத் தொடும். வீடுகளில் ஹீட்டர் கிடையாது, துவைத்த துணி இரண்டு நாள் காயாது. ஆகஸ்ட் செமஸ்டருக்கு வருகிறவர்கள் ஒரு ஸ்வெட்டர், மூடிய ஷூ, நல்ல குடை கொண்டு வாருங்கள்.

புயல் வந்தா லீவு விடுவாங்களா அக்கா?

இந்தக் கேள்வியை ஆசையோடு கேட்பவர்கள் ஜனவரி செமஸ்டர்காரர்கள். புயல் பருவம் நவம்பர் முதல் மே மாத நடு வரை. எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை எண்ணால் சொல்வார்கள். ஒன்று என்றால் ஆபத்து இன்னும் ஒன்றரை, இரண்டு நாள் தொலைவில். இரண்டு என்றால் பகல் வெளிச்சம் பன்னிரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. மூன்று என்றால் ஆறு மணி நேரம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் கட்டம் நான்கு. இரண்டிலேயே பள்ளிகள் மூடிவிடும், மூன்றில் பேருந்து உட்பட எல்லாமே நின்றுவிடும்.

ஒன்றாம் எண் வந்த அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள். ரொட்டியும் மெழுகுவர்த்தியும் முதலில் காலியாகும். குடிதண்ணீர் பிடித்து வைத்து, பவர்பேங்க் ஏற்றி, அடுப்பில் வைக்காமல் சாப்பிடக்கூடியதை எடுத்து வையுங்கள். மூன்றுக்குப் பிறகு வெளியே தலைகாட்டக் கூடாது. காற்று திடீரென்று நின்று வெயில் அடித்தாலும் கூடாது, அது புயலின் கண்ணாக இருக்கலாம், எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. வேலைக்குப் போயிருந்தவர்கள் பலர் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். வெள்ளத்துக்கு எச்சரிக்கை எண் கிடையாது, தாழ்வான இடத்தில் நிற்காதீர்கள். ஆக, லீவு உண்டு. சார்ஜ் இல்லாத போனும் தண்ணீர் வராத குழாயுமாகக் கழியும் லீவு.

பார்ட் டைம் வேலை பார்த்துக்கலாமா?

மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்க வழி உண்டு. ஆனால் ஒரு செமஸ்டருக்காக வருகிறவர்களுக்கு, வேலை தேடி, தாள்களை முடித்து, சம்பளம் கைக்கு வருவதற்குள் மூட்டை கட்டும் நாள் வந்துவிடும். செலவுக்கு வேலையை நம்பி வராதீர்கள்.

கோயிலுக்குப் போகலாமா? காவடி எடுக்க விடுவாங்களா?

தாராளமாக. தைப்பூசம் இங்கே நாடு முழுக்க அரசு விடுமுறை. பொங்கலுக்கு விடுமுறை இல்லாத நாட்டில் தைப்பூசத்துக்கு உண்டு என்பதிலிருந்தே அதன் கனம் தெரியும். காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலையும், போர்ட் லூயிஸ் பக்கம் கைலாசன் கோயிலையும் பாருங்கள்.

காவடி எடுப்பதென்றால் பத்து நாள் விரதம். புலால், மது எதுவும் கூடாது, வீட்டிலும் அந்தச் சுத்தம் வேண்டும். மற்றவர்களோடு சமையலறையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் அறையில் அது நடக்காது, அதனால் முன்பே கோயிலில் பேசுங்கள். பால்குடம் எடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் தண்ணீர் ஊற்றும் சேவைக்கு நில்லுங்கள். அலகு குத்தியவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். ஊரிலிருந்து வந்தவர் என்பதால் "எங்க ஊர்ல இப்படிச் செய்வாங்க" என்று பூசை முறையைத் திருத்தவும் வேண்டாம். இருநூறு வருஷமாக அவர்களாகக் காப்பாற்றிய முறை அது.

நான் இந்துன்னு சொன்னேன். "அப்ப நீ தமிழ் இல்லையா?"ன்னு கேக்கிறாங்க. குழப்பமா இருக்கு.

இங்கே 'இந்து' என்றால் பெரும்பாலும் போஜ்புரி, இந்தி வழி வந்த வட இந்திய வம்சாவளியினர். 'தமிழ்' என்பது பேச்சு மட்டும் இல்லை, வழிபாடும் சமூகமும் சேர்ந்த தனி அடையாளம். தெலுங்கர், மராத்தியர் என்றும் இதே போல உண்டு. ஆகவே "நான் தமிழ்" என்று சொன்னால் போதும், கேட்டவருக்குத் தேவையானது எல்லாம் அதில் வந்துவிடும்.

இது சும்மா பெயர்ச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். மேலே ரூபாய் நோட்டைப் பற்றிச் சொன்னேனே, அதில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், பிறகு இந்தி என்பது வரிசை. 1998இல் வந்த புது நோட்டுகளில் இந்தியைத் தமிழுக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். தமிழர்கள் எதிர்த்து நின்றதில், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். வீட்டில் தமிழ் பேசாதவர்கள்தான் இதைச் செய்தார்கள். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பொண்ணுங்க தனியா பீச்சுக்குப் போகலாமா?

பகலில் போகலாம், கூட்டமுள்ள கடற்கரையாக இருக்கட்டும். ஃபிளிக் அன் ஃபிளாக்குக்குக் காத்ர் போர்னிலிருந்தே பேருந்து உண்டு. இருட்டின பிறகு ஆளில்லாத கரையில் உட்காராதீர்கள், இது பையன்களுக்கும் பொருந்தும். பவளப்பாறைக்கு உள்பக்கம் தண்ணீர் அமைதியாக இருக்கும், காலில் ரப்பர் செருப்பு போட்டு இறங்குங்கள், கடல்முள்ளியும் கல்மீனும் உண்டு. தெற்கே கிரி கிரி கரையில் பவளப்பாறை அரண் கிடையாது. பார்க்க அழகு, இறங்கினால் இழுத்துவிடும். அவசரத்துக்கு போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 114.

எங்க காலேஜ் பசங்க நாலு பேர் சேர்ந்துதான் வர்றோம். ஒரே வீட்ல இருந்துட்டா தப்பா அக்கா?

தப்பில்லை, வாடகை மிச்சம். ஆனால் நாலு பேரும் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகப் போய், ராத்திரி ஊர்ப் படம் பார்த்துத் தூங்கினால் கிரியோலில் "கொறெக்" தாண்ட மாட்டீர்கள். ஒரே வீட்டில் இருங்கள், வகுப்பில் பிரிந்து உட்காருங்கள். வாரம் ஒரு நாளாவது தனித்தனியாக உள்ளூர் நண்பர்களோடு போங்கள். இந்தியா இங்கேயிருந்து ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே ஒன்பது மணிக்கு வீடு திரும்பி அம்மாவுக்கு போன் போட்டால் அங்கே பத்தரை, தூங்கியிருப்பார். சாயங்காலம் மெட்ரோவுக்கு நிற்கும்போதே பேசிவிடுங்கள்.

ஃப்ரெண்டு வீட்ல ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. என்ன எடுத்துட்டுப் போறது? எப்பக் கிளம்புறது?

கேக் ஒன்றோ பழமோ போதும். முதலில் பாட்டி தாத்தாவிடம் போய் "போன்ஸூர்" சொல்லுங்கள், பெரும்பாலும் கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்பார்கள், திடுக்கிட வேண்டாம். சைவம் என்றால் அழைத்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இலை முன்னால் உட்கார்ந்த பிறகு சொன்னால் அந்த வீட்டு அம்மா உங்களைச் சாப்பிட வைக்க மறுபடி அடுப்பைப் பற்றவைப்பார். கடைசிப் பேருந்து நேரத்தை முன்னமே சொல்லி வைத்தால், அதற்குள் காபி கொடுத்து, மிச்சக் கறியை டப்பாவில் கட்டி அனுப்பிவிடுவார்கள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்காதீர்கள்.